ஒரே தரத்தில் ஓடிய புரோகிராம்

அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாசம், மரியாதை எல்லாம் பிறகு வரும். சில நாட்களில் வராமலும் போகும். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால், "உன்னட்டை ஆர் கேட்டது?" என்று எங்கிருந்தாவது சண்டைக்கு வந்துவிடுவார்.

அவர் முன்னால் சொல்லக்கூடாத சொல் ஒன்று இருந்தது. கெட்ட வார்த்தை இல்லை. "நினைக்கிறன்" என்ற சாதாரணச் சொல். "விடை நாற்பது எண்டு நினைக்கிறன் அக்கா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். பென்சிலை வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்கத் தொடங்குவார். துடைக்கிற வேகத்தைப் பார்த்தே எவ்வளவு பேச்சு விழப்போகிறதென்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

"நினைச்சனியோ, ஓட்டிப் பார்த்தனியோ?"

"ஓட்டேல்லை அக்கா. பார்க்கவே தெரியுது."

"பார்க்கவே தெரியுதெண்டால் சாத்திரம் சொல்லப் போ. சோதினைக்கு ஏன் வாறாய்?"

சோதினை என்று அவர் சொன்னது, லண்டனில் இருந்த ஒரு சங்கம் நடத்திய புரோகிராமர் சான்றிதழ்ச் சோதனையை. அக்கா, நான், வட்டுக்கோட்டையில் இருந்து வருகிற ஒரு தம்பி ஆகிய மூன்று பேரும் அதன் இரண்டாம் பகுதிக்கு யாழ்ப்பாணத்தில் இருந்து படித்துக்கொண்டிருந்தோம். கொம்பியூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிற சோதனை. ஊரில் கரண்ட் இல்லை. தொண்ணூறில் நின்ற கரண்ட் நின்றதுதான். மண்ணெண்ணெய் ஒரு போத்தல் வாங்க ஒரு நாள் வரிசையில் நிற்க வேண்டிய ஊரில் இருந்துகொண்டு நாங்கள் கோபோல் என்ற புரோகிராம் மொழியைப் படித்தோம். இதைச் சொன்னால் இப்போது ஆட்கள் சிரிக்கிறார்கள். என் தங்கையின் மகளும் சிரித்தாள். அவள் இப்போது இப்படி ஏதோ ஒரு சான்றிதழுக்குப் படிக்கிறாள். கேள்விகளை விடைகளோடு எங்கேயோ வாங்கிப் பாடமாக்குகிறாள். "ஏன் பெரியம்மா கஷ்டப்படுவான், அதே கேள்விதான் திரும்ப வரும்" என்கிறாள். வரட்டும். எனக்கு அவளோடு கதைக்கப் பொறுமையில்லை.

நாங்கள் தனியாகப் படிக்கப் போன ரியூட்டறியில் கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. கரண்ட் இருந்த காலத்தில் அதில்தான் நானும் தம்பியும் முதற் பகுதிக்குப் படித்தோம். பிறகு ரியூட்டறி நடத்திய மாஸ்டர் அதை ஒரு பிளாஸ்ரிக் சீலையால் மூடிக் கட்டிவிட்டார். பார்க்கப் பிரேதம் மாதிரி இருக்கும். அக்கா ஒரு நாள் போய் மாஸ்டரிடம் கேட்டார்.

"உதைத் திறந்து விடுங்கோ. விசைப்பலகை வேணும்."

"கரண்ட் இல்லாமல் விசைப்பலகை என்னத்துக்கு பிள்ளை?"

"விரலுக்கு. கொழும்பிலை போய் ஏ எங்கை, பி எங்கை எண்டு தேடிக்கொண்டிருக்க ஏலாது."

மாஸ்டர் திறந்து விட்டார். செத்த திரைக்கு முன்னால் நாங்கள் முறை வைத்து இருந்து தட்டுவோம். அக்கா பின்னால் நின்று விரல்களைப் பார்ப்பார். திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் பிழையான விசையில் விரல் பட்டால் அவர் கண்டுபிடித்து விடுவார். "அழி. திரும்பத் தட்டு." இல்லாத எழுத்தை அழித்துவிட்டுத் திரும்பத் தட்டுவோம். வட்டுக்கோட்டைத் தம்பி ஒரு தரம், "அக்கா, விசர் எங்களுக்கோ இல்லாட்டி கொம்பியூட்டருக்கோ?" என்று கேட்டான். அக்கா சிரிக்கவில்லை. "கொம்பியூட்டருக்கு விசர் பிடிக்காது. உமக்குத்தான் பிடிக்கும். தட்டும்" என்றார்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் அது. தம்பி அதே மாதிரி நாலு சைக்கிளைச் சுற்றிக் கொம்பியூட்டரை எழுப்பலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தான். அக்கா கணக்கை வாங்கிப் பார்த்தார். எவ்வளவு கரண்ட் வேண்டும், ஒரு டைனமோ எவ்வளவு தரும், எங்கே பிழை விட்டிருக்கிறான் என்று வரி வரியாகக் காட்டிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

கொம்பியூட்டர் இல்லாவிட்டால் புரோகிராம் சரியா பிழையா என்று எப்படித் தெரியும்? அதற்கு அக்காவிடம் தீப்பெட்டிகள் இருந்தன. வெறும் தீப்பெட்டிகளைச் சேர்த்து ஒரு தட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர் எழுதியிருந்தார். மொத்தம் என்று ஒரு பெட்டி, எண்ணிக்கை என்று ஒரு பெட்டி, இப்படி. புரோகிராமில் ஒரு வரி "மொத்தத்தோடு இதைக் கூட்டு" என்றால், மொத்தப் பெட்டிக்குள் இருக்கிற துண்டை எடுத்து, கூட்டி, புதுத் துண்டில் எழுதி உள்ளே வைக்க வேண்டும். பழைய துண்டைக் கிழித்துப் போட வேண்டும். ஒரு பெட்டிக்குள் இரண்டு துண்டு கிடந்ததைக் கண்டால் கையில் அடி விழும். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அடி வாங்கினேன். தம்பி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவன். அவனும் வாங்கினான்.

ஒருவர் வரியை வாசிப்பார். ஒருவர் பெட்டியைத் திறந்து மூடுவார். மற்றவர் அச்சு வருவதை எழுதுவார். இதைத்தான் அவர் ஓட்டுவது என்பார். கொம்பியூட்டர் கண்மூடி முழிக்கமுன் செய்கிற வேலையை நாங்கள் காலை முழுக்கச் செய்வோம். இடையில் யாராவது புத்திசாலித்தனமாக, "இதுக்குப் பிறகு எல்லாம் இதே மாதிரித்தான் போகும் அக்கா, விடுவம்" என்றால் தொலைந்தோம். "மிசின் விடுமோ? நீயும் விடாதை" என்பார்.

ஒரு நாள் இப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறபோது குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்துவிட்டது. ரியூட்டறி வளவுக்குள் பதுங்குவதற்கு வெட்டிய பங்கர் இருந்தது. ஓடினோம். அக்கா தீப்பெட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். படியில் இறங்கும்போது எங்கேயோ கிட்டத்தில் விழுந்த குண்டு நிலத்தை உலுக்கியது. தம்பி என்மேல் சாய, நான் தட்டின்மேல் விழ, துண்டுகள் எல்லாம் பங்கர் மண்ணில் கொட்டுப்பட்டன. பொம்மர் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அது போன சத்தம் அடங்கமுன் அக்கா துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கிவிட்டார்.

"ஆருக்காவது தெரியுமோ, எந்தத் துண்டு எந்தப் பெட்டிக்கெண்டு?"

"இந்த முப்பது மொத்தத்துக்கு எண்டு..." என்று தம்பி தொடங்கினான். அந்தச் சொல் வரமுன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தெரியாது. அப்ப முதல் வரியிலையிருந்து."

"அக்கா, உயிர் தப்பினதே பெரிசு" என்றேன் நான். எனக்கு அழுகை வந்துகொண்டிருந்தது.

"ஓம். தப்பீட்டாய். இப்ப வரியை வாசி."

அன்றைக்கு அவரை நான் மனதுக்குள் திட்டியது கொஞ்சநஞ்சமில்லை. இவரெல்லாம் மனிசியா, நெஞ்சுக்குள் ஈரம் என்று ஒன்று இருக்கிறதா என்று திட்டினேன். வாயால் வரியை வாசித்தேன்.

அவருக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. நானும் தம்பியும் இந்தத் தடவை கோட்டை விட்டால் எங்களுக்கு இன்னுமொரு தவணை இருந்தது. அக்காவுக்கு இல்லை. முதற் பகுதியில் அவர் எங்களுக்கு முன்பே கொழும்பில் தேறி எடுத்த சித்தி இந்தத் தவணையோடு செல்லாமல் போகும் என்று லண்டன்காரர் அறிவித்திருந்தார்கள். பிறகு எல்லாம் அடியிலிருந்து தொடங்க வேண்டும். எண்பத்து மூன்றில் ஒரு தரம் இந்த இரண்டாம் பகுதிக்குக் காசு கட்டிவிட்டுக் கொழும்பில் இருந்தவர். சோதனைக்கு முன்னம் ஆடி மாதக் கலவரம் வந்தது. வீட்டை எரித்தார்கள், அகதியாகக் கப்பலில் ஏறிக் காங்கேசன்துறையில் வந்து இறங்கினார். தொண்ணூறில் இன்னொரு தரம் கட்டினார். சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. இது மூன்றாம் தரம்.

அவர் குருநகர்ப் பிள்ளை. கோட்டைச் சண்டையால் அந்தப் பக்கம் இருக்க முடியாமல் குடும்பமே இடம்பெயர்ந்து அரியாலையில் ஒரு உறவுக்காரர் வீட்டின் பின்புறம் இறக்கிய பத்தியில் இருந்தது. தாய், தமையன், தமையனின் மனைவி, அவர்களின் பிள்ளைகள். தமையன் கடற்றொழிலாளி. கடலுக்குத் தடை. மீறிப் போனால் நேவி சுடும். அந்த மனிதர் நாள் முழுக்கத் திருத்த ஒன்றும் இல்லாத வலையைத் திருத்திக்கொண்டிருப்பார். அக்கா முன்பு வேலை செய்த கொழும்புக் கந்தோர், சான்றிதழோடு வந்தால் புரோகிராமராக எடுக்கிறோம், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. அத்தனை வாயும் அந்தச் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதை அக்கா ஒரு நாளும் எங்களுக்குச் சொல்லி அழவில்லை. தமையனின் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்தப் பழைய கந்தோரில் அவர் அட்டையில் துளை போடுகிற வேலை செய்தவர். அந்தக் காலத்தில் புரோகிராமை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, மிசின் அறை யன்னலுக்குள்ளால் கொடுக்க வேண்டுமாம். அடுத்த நாள்தான் விடை வருமாம். எங்கேயாவது ஒரு அட்டையில் பிழை இருந்தால் ஒரு நாள் போச்சு. எழுதினவர் விட்ட பிழைக்கும் துளை போட்ட பெட்டைப் பிள்ளைக்குத்தான் பேச்சு விழும். "அண்டைக்கு நினைச்சனான், இனி என்ரை கையாலை பிழை போகாது எண்டு" என்று ஒரு தரம் சொன்னார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "நினைச்சனான்" என்று அவர் வாயால் கேட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

இந்தக் குணம் புரோகிராமோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாசையூரில் இருந்து ஒரு உறவுக்காரர் அவருக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டு வந்தார். நான் அப்போது அரியாலை வீட்டில் அக்காவோடு இருந்தேன். மாப்பிள்ளை நல்ல தொழிலாளி, பள்ளிக்கூடப் படிப்பும் இருக்கு, குணமான பெடியன் என்று அவர் அடுக்கிக்கொண்டு போனார். அக்கா தீப்பெட்டிகளுக்கு நடுவில் இருந்தபடியே கேட்டார்.

"குடிப்பாரோ?"

"குடிக்கமாட்டான் எண்டுதான் நினைக்கிறன் பிள்ளை."

அக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"நினைக்கிறியளோ, பார்த்தனியளோ?"

"அதை நான் என்னெண்டு பார்க்கிறது?"

"பின்னேரத்திலை அவற்றை வீட்டை போய் நிண்டு பாருங்கோ. சனிக்கிழமையும் பாருங்கோ. பெருநாள் அண்டைக்கும் பாருங்கோ. பார்த்திட்டு வந்து சொல்லுங்கோ."

அந்த மனிதர் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார். தாய் அடுப்படிக் குசினிக்குள் இருந்து தலையில் அடித்துக்கொண்டா. "உனக்கு வாறவன் வரிவரியாய் எழுதிக்கொண்டு வரவேணுமோடி?" என்றா. "ஓம்" என்றார் அக்கா. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்கும் எனக்குப் பேச்சு விழுந்தது.

ஆனால் அவரோடு படித்ததைப் போல நான் வேறெங்கும் படித்ததில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம் வரும். பழைய வினாத்தாள்களைக் கையால் பிரதி எடுக்க வைப்பார். எழுதும்போது கேள்வி மண்டைக்குள் இறங்கும் என்பார். கேள்வியை முழுக்க வாசிக்காமல் பென்சிலை எடுக்கக்கூடாது. என்ன அச்சில் வரவேண்டும் என்பதை முதலில் வரைய வேண்டும். ஒரு பாடம் விளங்கிவிட்டது என்று சொன்னால், மற்றவருக்கு அதைப் புத்தகம் பாராமல் சொல்லிக்காட்ட வேண்டும். நான் சொல்ல, தம்பி வேணுமென்றே மொக்குக் கேள்வி கேட்க, எனக்கு எரிச்சல் வர, அப்போதுதான் எனக்கே விளங்கவில்லை என்பது வெளிக்கும். சோதனைக்கு முந்திய கிழமை புதிதாக ஒன்றும் தொடக்கூடாது. எல்லாம் சரியான புத்திதான். சொல்லுகிற வாய்தான் நெருப்பு.

மணிக்கூட்டை வைத்து மாதிரிச் சோதனை நடத்துவார். திருத்துவதும் அவரே. ஒரு வரி பிழை என்றாலும் முழுக் கேள்விக்கும் பூச்சியம். நான் ஒரு தரம் நாலு கேள்விக்கும் பூச்சியம் வாங்கினேன். நாலிலும் ஒவ்வொரு வரிதான் பிழை. அதற்குத் தம்பிக்கு முன்னால் வைத்து, "உன்னட்டை மூளை இருக்கு. ஆனால் நீ வேலைக்கு ஆகாய். உன்னை நம்பி ஒருத்தரும் ஒண்டும் தரக்கூடாது" என்றார். நான் கொப்பிகளை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினேன். இணுவில் வரும்வரை வழியெல்லாம் அழுதேன். இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

போகவில்லை. ஒரு கிழமைக்கு மேல் போகவில்லை. பிறகு ஒரு மத்தியானம் உச்சி வெயிலில் எங்கள் வாசல் படலையில் அக்கா சைக்கிளோடு நின்றார். அரியாலையில் இருந்து மிதித்து வந்திருக்கிறார். சேலை முழுக்கச் செம்மண். அம்மா, "வாங்கோ பிள்ளை, உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்று கூப்பிட்டா.

"தேத்தண்ணி பிறகு அம்மா. உவள் எங்கை?"

நான் வெளியில் வந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தேன். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று ஒரு நப்பாசை. அவர் பையில் இருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து நீட்டினார். நான் பூச்சியம் வாங்கிய நாலு புரோகிராம்களையும் அப்படியே, என் பிழைகளோடு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கையால் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். பிழையான புரோகிராமை ஓட்டுவது சரியானதை ஓட்டுவதைவிடக் கஷ்டம். எங்கே போகும், எங்கே சுற்றும் என்று தெரியாது. அதை அந்த மனிசி இருந்து செய்திருக்கிறது.

"உன்ரை புரோகிராம் என்னத்தை அச்சடிச்சிருக்கும் எண்டு பார்" என்றார். "பார்த்தால் இனி விடமாட்டாய்."

அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு. நான் பார்த்தேன். ஒரு இடத்தில் ஒரு மாணவனுக்கு வயது முன்னூறு என்று அச்சாகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் உள்ளே வந்து இரண்டு தேத்தண்ணி குடித்தார். அடுத்த நாள் நான் போனேன்.

ஊரை விட்டு வெளிக்கிட இயக்கத்திடம் பாஸ் என்ற அனுமதி எடுக்க வேண்டும். பாஸ் கந்தோரில் மேசைக்குப் பின்னால் இருந்த பெடியன் எங்களின் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "கொம்பியூட்டர் ஓடாத ஊரிலையிருந்து கொம்பியூட்டர் சோதினைக்கோ? ஆரை ஏமாத்துறியள்?" என்று கேட்டான். அக்கா ஒரு கதிரையை இழுத்து அவனுக்கு முன்னால் இருந்தார். அவனுடைய காகிதத்தையே எடுத்து, ஒரு நாளில் எத்தனை பேருக்குப் பாஸ் கொடுத்தான் என்று எண்ணுகிற ஒரு புரோகிராமை எழுதி, வரிவரியாக ஓட்டிக் காட்டத் தொடங்கினார். வரிசை வாசல்வரை நின்றது. அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். "சரி அக்கா, விளங்குது" என்றான். "விளங்கேல்லை. நீர் இன்னும் மூண்டாவது வரியைப் பார்க்கேல்லை" என்றார் அக்கா. அவன் குத்த வேண்டிய முத்திரையைக் குத்திவிட்டான்.

பிறகு கொம்படிப் பாதையால் இடுப்பளவு சேற்றுத் தண்ணீருக்குள் நடந்து, வவுனியாவில் ஆமிக்காரரின் சோதனைக்கு மேல் சோதனை கொடுத்து, கொழும்பில் வெள்ளவத்தை லொட்ஜில் தங்கி, பொலிசில் பெயர் பதிந்து, எந்த நேரமும் யாரோ கதவைத் தட்டப்போகிறார்கள் என்ற பயத்தோடு இருந்து எழுதினோம். அதெல்லாம் பெரிய கதை. அதைச் சொல்ல நான் வரவில்லை. எழுத்துத் தாள் மூன்று பேருக்கும் நன்றாகப் போனது. எல்லாம் அக்கா ஓட்டிவிட்ட கேள்விகள். கடைசியாகச் செய்முறை.

குளிரூட்டிய அறை. வரிசையாகக் கொம்பியூட்டர்கள், எல்லாம் உயிரோடு. கேள்வி, சில வகுப்புகளின் புள்ளிகளை வாசித்து வகுப்புக்கு வகுப்புச் சராசரி எடுத்து அச்சடிப்பது. நான் கொஞ்சம் எழுதினேன், பிறகு தட்டினேன், ஓட்டினேன். இரண்டாவது வகுப்பின் சராசரி நூற்றைத் தாண்டியிருந்தது. முதல் வகுப்பின் மொத்தத்தை அழிக்காமலே அடுத்த வகுப்பைக் கூட்டியிருக்கிறேன். திருத்தினேன். திரும்ப ஓட்டினேன். வேறொரு பிழை. அதையும் திருத்தினேன். மூன்றாம் தரம் சரி வந்தது. விசையை அமுக்கினால் அந்த நிமிடமே பிழையைச் சொல்லுகிற மிசின். ஏன் யோசிக்க வேண்டும்?

அக்கா கொம்பியூட்டரைத் தொடவேயில்லை. பக்கத்து மேசையில் தாளைக் குனிந்து பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். இடது கை விரல்கள், அங்கே இல்லாத தீப்பெட்டிகளைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அறையை மேற்பார்வை செய்தவர் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு கொழும்புத் தமிழர். அவர் வந்து குனிந்து, "உடம்புக்கு ஏதும் சரியில்லையா? இன்னும் தொடங்கவேயில்லையே" என்று கேட்டார்.

"தொடங்கீட்டன். பாதிக்கு வந்திட்டன்" என்றார் அக்கா.

தட்டுங்கோ அக்கா, தட்டுங்கோ என்று மனதுக்குள் கத்தினேன். கடைசியில் தட்டத் தொடங்கினார். ஒரு விரல் பிசகவில்லை. முழுவதையும் தட்டி முடித்து, ஒரு தரம் வாசித்து, விசையை அமுக்கினார். அச்சு இயந்திரம் இரைந்தது. தாள் வந்தது. எல்லாச் சராசரியும் சரி, தலைப்புச் சரி, கோடு போட்ட இடம்கூடச் சரி. முதல் ஓட்டத்தில். அந்த அறையில் அப்படி யாருக்கும் வரவில்லை.

அந்தச் சோதனையில் சோதித்துப் பார்த்ததற்கு என்று தனிப் பகுதி ஒன்று இருந்தது. எத்தனை தரம் ஓட்டினீர்கள், என்ன பிழை கண்டீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்று எழுதி, ஒவ்வொரு ஓட்டத்தின் அச்சுத்தாளையும் இணைக்க வேண்டும். அக்கா எழுதினார்: ஓட்டம் ஒன்று. பிழை இல்லை.

மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு முகம் மாறினார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார். நான் என் தாள்களைக் கையளிக்கப் பக்கத்தில் நின்றதால் எல்லாம் கேட்டது.

"அம்மா, பிழை கண்டுபிடிச்சுத் திருத்தினதுக்கு அத்தாட்சி இல்லாட்டி இந்தப் பகுதிக்குப் பூச்சியம். இதுல பூச்சியம்னா முழுத் தாளும் பெயில். லண்டன்ல அப்படித்தான் பார்ப்பாங்க. முதல் ஓட்டத்துலேயே சரிவந்திச்சுன்னா, கேள்வி முந்தியே கைக்கு வந்திருக்குன்னு நினைப்பாங்க."

"அத்தாட்சி இந்தா இருக்கு" என்று அக்கா தன் பென்சில் தாள்களை நீட்டினார். ஒவ்வொரு வரியும் ஓட்டிய தாள்கள். எங்கே எந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்று எல்லாம் அதில் இருந்தது. எழுதும்போதே இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்து வெட்டித் திருத்தியதும் இருந்தது.

"இது வெறும் வேலைத்தாள். இதை அனுப்பக்கூடாது. மிசின் அடிச்ச தாள்தான் கணக்கு. இன்னும் நேரம் இருக்கு. ஒரு வரியைப் பிழையா மாத்தி ஓட்டுங்க. பிறகு திருத்தி ஓட்டுங்க. ரெண்டையும் குடுத்துட்டுப் போங்க. நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன்."

"சரியாய் இருக்கிற வரியை நான் ஏன் மாத்துவான்?"

"புள்ளிக்காக அம்மா."

"தெரிஞ்சுகொண்டு எழுதினால் அது பிழை இல்லை. பொய்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். "அக்கா, ஒரு வரிதானே. அண்ணையின்ரை பிள்ளையளை யோசியுங்கோ" என்றேன்.

"அதுகளை யோசிச்சுத்தான் ஒரே தரத்திலை ஓட்டினனான்" என்றார். கையை எடுத்துக்கொண்டார். தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்தார். மேற்பார்வையாளர் பென்சில் தாள்களை எடுத்து, மற்றவர்களின் வேலைத்தாள்களோடு சேர்த்துக் குப்பைக் கூடைக்குள் போட்டார். விதி அதுதானாம். பாவம், அந்த மனிதரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை. அவர் உதவத்தான் பார்த்தார்.

பிறகு யாரைத் திட்டுவது? அந்த விதியை எழுதியவர்களைத் திட்டுகிறேன். விசையைத் தட்டினால் கரண்ட் வரும் என்ற ஊரில் இருந்துகொண்டு எழுதியவர்கள். பிழை விட்டு விட்டுத் திருத்துவதற்கு வசதி இல்லாத ஒரு இடம் உலகத்தில் இருக்கும், அங்கே ஒருத்தி பிழையே விடாமல் எழுதப் பழகியிருப்பாள் என்று அவர்களுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. வீட்டை எரித்தவர்களைத் திட்டுகிறேன். பாதையைப் பூட்டியவர்கள், கடலைப் பூட்டியவர்கள் எல்லோரையும் திட்டுகிறேன். கடைசியில் அக்காவையும் திட்டுகிறேன். ஒரு வரி. ஒரேயொரு வரியை மாற்றியிருந்தால் என்ன குடி முழுகியா போயிருக்கும்? இத்தனை வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். அவர் மாற்றியிருந்தால் அவரை நான் இப்படி நினைத்துக்கொண்டு இருப்பேனா என்றும் கேட்கிறேன். அதற்கும் கோபம்தான் வருகிறது.

முடிவுகள் யாழ்ப்பாணம் வந்து சேர மாதக்கணக்கானது. ரியூட்டறி மாஸ்டர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். தம்பி சித்தி. நான் சித்தி. என் சான்றிதழும் கூடவே வந்திருந்தது. அக்காவுக்கு ஒரு துண்டுக் காகிதம். எழுத்துத் தாளில் மிகத் திறமான புள்ளி, செய்முறையில் சோதித்ததற்கு அத்தாட்சி இல்லை, சித்தியில்லை. தம்பி வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான். அக்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீ எத்தினை தரம் ஓட்டினனி?"

"மூண்டு தரம் அக்கா."

"என்ன பிழை விட்டனி?"

எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவரிடம் மறைக்கவும் ஏலாது. சொன்னேன். முதல் வகுப்பின் மொத்தத்தை அழிக்காமல் இரண்டாவது வகுப்பைக் கூட்டியதைச் சொன்னேன்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "மொத்தத்தை அழிக்காமல் என்னெண்டு அடுத்த வகுப்புக்குப் போவாய்? பிள்ளையள் ஒருத்தரும் நூறுக்கு மேலை எடுக்க ஏலாதெண்டு தெரியாதோ? தாளிலை ஒருக்கால் ஓட்டியிருந்தால் கண்டிருப்பாய்தானே. எத்தினை நாள் உனக்குச் சொன்னனான். எத்தினை நாள்." அந்தப் பிழையை விட்டுவிட்டு அடுத்ததைக் கேட்டார். அதற்கும் பேசினார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. "கவனமில்லை உனக்கு. கவனமே இல்லை" என்று அழுதுகொண்டே ஏசினார். அந்தப் பிழைகளுக்குக் கிடைத்த சான்றிதழ் என் மடியில் கிடந்தது. நான் அதைக் கொப்பிக்குக் கீழே மறைத்துக்கொண்டு, "ஓம் அக்கா, பிழைதான். ஓம் அக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.